கேலி மேடையும் ஆறு புள்ளிகளும்

ஆண்டு 1771. பாரிஸ் மாநகரிலே செயின்ட் ஓவிட் சந்தை. பதினைந்தாம் லூயி மன்னன் பெயரால் அமைந்த சதுக்கத்திலே கடைகள், கூத்துகள், குடி, கும்மாளம்! காப்பிக் கடை ஒன்றின் மேடையிலே பத்துப் பேர் அமர்த்தப்பட்டிருக்கின்றனர். தலையிலே கோமாளிக் குல்லாய்; அதிலே கழுதைக் காது. மூக்கின்மீது அட்டையால் செய்த பெரிய மூக்குக்கண்ணாடி. அதிலே கண்ணாடி மட்டும் இல்லை. கையிலே இசைக்கருவி. எதிரே இசை ஏடு விரித்து வைக்கப்பட்டிருக்கிறது. ஏட்டுக்கு வெளிச்சம் காட்ட மெழுகுவத்தியும் ஏற்றி வைக்கப்பட்டிருக்கிறது.

பத்துப் பேரும் பார்வையற்றவர்கள்.

அதுதான் வேடிக்கை! படிக்க முடியாதவர் முன் ஏடு. காண முடியாதவர் முன் விளக்கு. சுருதி சேராமல் அவர்கள் கருவிகளை இழுக்க இழுக்க, கூட்டம் விலா நோகச் சிரித்தது. கடைக்காரனுக்கு நல்ல வாணிகம். பின்னாளிலே, 1793-இல், பதினாறாம் லூயியின் தலை உருண்டதும் இதே சதுக்கத்தில்தான். ஆனால் அன்று உருண்டது மனிதப் பண்பு. அதைக் கண்டு எவரும் திடுக்கிடவில்லை.

ஒருவர் திடுக்கிட்டார். வாலென்டின் ஆயி என்பது அவர் பெயர். வயது இருபத்தைந்து, மொழிபெயர்ப்பு அவர் தொழில். கூட்டம் கண்டது கோமாளிகளை. அவர் கண்டது மனிதரை. இந்த ஏட்டை இவர்கள் உண்மையாகவே படிக்கும்படி செய்ய முடியாதா என்ற கேள்வி அந்தச் சந்தையிலே பிறந்தது. அந்தக் கேள்விக்கு விடை கிடைத்த வரலாறுதான் இக்கட்டுரை.

மேடையிலிருந்த பத்துப் பேரும் எங்கிருந்து வந்தார்கள்? ஏறத்தாழ 1260-ஆம் ஆண்டில் ஒன்பதாம் லூயி மன்னன் பாரிசிலே பார்வையற்றோருக்கென ஓர் இல்லம் அமைத்தான். முந்நூறு பேருக்கு இடம். 'பதினைந்து இருபதுகள்' என்பதே அதன் பெயர். மன்னன் அளித்த சலுகைகளுள் ஒன்று பிச்சை எடுக்கும் உரிமை! அதற்குக் கைம்மாறாக அவர்கள் கொடுத்தவர்களுக்காகத் தொழுகை செய்யவேண்டும். ஐந்து நூற்றாண்டு நடந்தது இந்த ஏற்பாடு. கூரை தந்தார்கள், கஞ்சி தந்தார்கள், கையேந்தப் பாத்திரமும் தந்தார்கள். கல்வி தரவேண்டும் என்ற எண்ணம் மட்டும் எழவில்லை. தரும சிந்தை தழைத்தோங்கியதாகச் சொல்லப்பட்ட நாட்டிலே, தரும இல்லத்து மக்களையே கழுதைக் காது மாட்டி மேடை ஏற்றினார்கள் என்றால், அந்தத் தருமத்தின் தரம் என்ன? எண்ணிப் பாருங்கள், தோழர்களே!

"பார்வையற்றோருக்கு இசை இயல்பாகவே வரும், அதற்கு எழுத்து எதற்கு?" என்று கேட்போர் அன்றும் இருந்தனர், இன்றும் உள்ளனர். உண்மைதான், எழுத்து இல்லாமலே இசையிலே உயர்ந்தோர் உண்டு. பதினான்காம் நூற்றாண்டிலே இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் ஆர்கன் இசையில் புகழ்பெற்ற லாந்தினி பார்வையற்றவர். ஸ்பெயின் அரசவையிலே வாசித்த கபெசோன் பார்வையற்றவர். அயர்லாந்திலே ஊர் ஊராகச் சென்று யாழ் மீட்டிய ஓ'கரோலன் பார்வையற்றவர். ஆனால் அவர்களுடைய படைப்பு என்னாயிற்று? கபெசோன் 1566-இல் மறைந்தார். அவருடைய இசை பெரும் தொகுதியாக அச்சேறியது 1578-இல், மகனுடைய முயற்சியால். ஓ'கரோலனின் மெட்டுகளில் பல, பிறர் கேட்டு எழுதிவைத்ததால் பிழைத்தவை. எழுத மகன் இல்லாதவன், கேட்க ஆள் வராதவன், அவனுடைய இசை? அவன் மூச்சோடு போயிற்று. எத்தனை போயிற்று என்று எவர் கணக்கெடுத்தார்!

ஆயியின் கேள்விக்கு ஊக்கம் தந்தவர் ஒரு பெண். மரியா தெரேசியா ஃபான் பாரதிஸ். 1759-இல் பிறந்த வியன்னா நகரத்துப் பியானோக் கலைஞர். இளமையிலேயே பார்வை இழந்தவர். இவர் கதையிலே மருத்துவ மோசடி ஒன்றும் உண்டு. பிராணிகளின் உடலிலே ஒருவகைக் காந்தம் ஓடுகிறது, அதைத் திருப்பி நோய் தீர்ப்பேன் என்று முழங்கிய மெஸ்மர் என்பவன், 1777-இல் இப்பெண்ணுக்குப் பார்வை தருவதாகச் சிகிச்சை தொடங்கினான். பார்வை வரவில்லை, பெரும் பூசலே வந்தது. மெஸ்மர் வியன்னாவை விட்டுப் பாரிசுக்குச் சென்று கடை விரித்தான். 1784-இல், பிராங்க்ளின், லவாய்சியர் முதலான அறிஞர் குழு ஆய்வு செய்து, அப்படி ஒரு காந்தமே இல்லை என்று தீர்ப்பளித்தது.

அதே 1784-இல், அதே பாரிசுக்கு, அதே பாரதிஸ் வந்தார். நோயாளியாக அல்ல, கலைஞராக! அரங்கிலே வாசித்தார், அவை வியந்தது. தைத்த ஊசிகளைத் தடவி எழுத்தறியவும், அச்செழுத்துகளைக் கொண்டு கடிதம் அமைக்கவும் அவர் பழகியிருந்தார். ஆயி அவரைச் சந்தித்தார். விரலால் படிக்க முடியும் என்பதற்குச் சான்று எதிரிலே நின்றது. மந்திரக்காந்தம் தராததை ஊசியும் உழைப்பும் தந்திருந்தன. பாரதிஸ் தம் அறிவைத் தம்மோடு முடித்துக்கொள்ளவில்லை. 1808-இல் வியன்னாவிலே ஓர் இசைப்பள்ளியும் தொடங்கினார்.

ஆயிக்கு மாணவன் வேண்டும். எங்கே தேடுவது? பாரிசின் செயின்ட் ஜெர்மன் தே பிரே தேவாலய வாயிலிலே பதினேழு வயது இளைஞன் ஒருவன், பிரான்சுவா லெசூயர், குடும்பத்துக்காகக் கையேந்தி நின்றான். "படிக்க வா" என்றால் அவன் எப்படி வருவான்? படிக்கும் நேரத்திலே வீட்டுக்கு யார் சோறு போடுவது? பிச்சையிலே கிடைக்கும் தொகையை நானே தருகிறேன் என்றார் ஆயி. ஏழைக்குக் கல்வி வேண்டுமானால் முதலில் வயிற்றுக்கு வழி செய்யவேண்டும் என்ற உண்மையை உணர்ந்த ஆசிரியர் அவர்! புடைத்து நிற்கும் எழுத்துகளை விரலால் தடவி லெசூயர் படித்தான். பள்ளி வளர்ந்தது. 1786-இல் மாணவர்கள் வெர்சாய் அரண்மனையிலே மன்னன் முன் படித்துக் காட்டினர். 1791-இல் புரட்சி அரசு அப்பள்ளியை நாட்டின் பொறுப்பாக ஏற்றது. இசை அங்கே தொடக்கத்திலிருந்தே பாடம்.

ஆனால் ஒரு குறை, பெருங்குறை. ஆயியின் எழுத்து, காண்பவரின் எழுத்தை அப்படியே தூக்கி நிறுத்தியது. கண்ணுக்கென வகுத்த வளைவுகள் விரலுக்குச் சிக்கலாயின. ஐந்து கோடுகளுக்கிடையே ஏறி இறங்கும் இசைக்குறிப்பைப் புடைப்பாக அச்சிட்டால், எது கோடு, எது சுரம் என்று விரல் தடுமாறும். தடுமாறியேனும் படிக்கலாம், எழுத முடியாது. மாணவன் தன் பாடலைத் தானே குறித்து வைக்க வழி இல்லை. நல்ல மனம் படைத்தவர் ஆயி, ஐயமில்லை. எனினும் அவர் கண்ணால் எண்ணினார். விரலால் எண்ணும் ஒருவன் தேவைப்பட்டான்.

அவன் 1809 சனவரி 4-இல் கூவ்ரே என்ற சிற்றூரிலே, குதிரைச் சேணம் தைக்கும் தொழிலாளியின் மகனாகப் பிறந்தான். லூயி பிரெயில். மூன்று வயதிலே தந்தையின் பட்டறையில் விளையாடும்போது குத்தூசி ஒரு கண்ணிலே பாய்ந்தது. சீழ் பிடித்தது, மறு கண்ணுக்கும் பரவியது. ஐந்து வயதுக்குள் இரு விழிகளும் ஒளி இழந்தன. ஊழ்வினை அன்று, முற்பிறவிப் பயன் அன்று, ஊசியும் சீழும். அக்காலத்து மருத்துவத்துக்கு அதைத் தடுக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

1819-இல், பத்து வயதிலே, ஆயி தொடங்கிய பள்ளியிலே பிரெயில் சேர்ந்தார். பியானோ பயின்றார், ஆர்கனும் செல்லோவும் பயின்றார். 1821-இல் பார்பியே என்ற படை அதிகாரி, புள்ளிகளால் ஒலிகளைக் குறிக்கும் முறையொன்றைப் பள்ளிக்குக் கொணர்ந்தார். பன்னிரண்டு புள்ளிகள் கொண்ட கட்டம். தடவ எளிது, எழுதவும் முடியும். ஆனால் கட்டம் உயரமானது. ஒரே தொடுகையில் விரல்நுனிக்கு அடங்காது. சொல்லின் எழுத்துக்கூட்டலுக்கு அதிலே இடம் இல்லை; இசைக்கும் இடம் இல்லை.

சிறுவன் பிரெயில் பன்னிரண்டை ஆறாகக் குறைத்தார். இரண்டு வரிசை, வரிசைக்கு மூன்று. விரல்நுனி ஒன்றின்கீழ் ஓர் எழுத்து முழுமையாக அடங்கிற்று. ஆறு புள்ளிகளை மாற்றி மாற்றி அமைத்தால் அறுபத்து மூன்று குறிகள். 1824-இல், பதினைந்து வயதிலே, முறையின் அடிப்படை உருவாகிவிட்டது. 1829-இல் நூலாக வெளிவந்தது. அந்நூலின் நீண்ட தலைப்பைக் கவனியுங்கள்: சொற்களையும், இசையையும், தேவாலயப் பாட்டையும் புள்ளிகளால் எழுதும் முறை என்பது அதன் பொருள். இசை பின்னாளிலே ஒட்டவைத்த இணைப்பு அன்று, பிறப்பிலேயே உடன்வந்தது. தாளிலே புள்ளி குத்தும் கருவி எது? கூரிய முனை கொண்ட சிறு ஊசி. கண்ணைப் பறித்த குத்தூசியின் தம்பி!

அந்த இசைக்குறி எப்படி இயங்குகிறது? ஏழு சுரங்களுக்கு ஏழு எழுத்துக் குறிகள் எடுத்துக்கொள்ளப்பட்டன. அவற்றுக்கு மேலேயுள்ள நான்கு புள்ளிகளே போதும். எஞ்சிய அடிப்புள்ளிகள் இரண்டும் காலஅளவைக் காட்டும்: சுரம் எவ்வளவு நேரம் நீளவேண்டும் என்பதை. ஒரே கட்டத்தில் சுரமும் அடங்கிற்று, காலமும் அடங்கிற்று. மெலிவு, சமன், வலிவு என்று நம் இசைநூலோர் பிரித்த நிலைகளைப் போல, எந்த நிலைச் சுரம் என்பதைக் காட்ட, முன்னே தனிக் குறி ஒன்று. ஐந்து கோடுகள் தேவையே இல்லாமற் போயின! ஒரே குறி நெடிய சுரத்துக்கும் மிகக் குறுகிய சுரத்துக்கும் பொதுவாக வரும். எது என்பதைத் தாளக் கட்டத்தின் கணக்கால் படிப்பவன் அறிவான். பல சுரங்கள் ஒருங்கே ஒலிக்கவேண்டுமானால், ஒன்றைப் பெயரால் எழுதி, மற்றவை அதிலிருந்து எத்தனை படி தள்ளியுள்ளன என்று குறிப்பார்கள்.

இதிலே ஒரு கடுமையும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. கருவியை வாசிக்கும் கைதான் ஏட்டையும் படிக்கவேண்டும். ஒரு கையால் படித்து மறு கையால் வாசிப்பது, பிறகு கை மாற்றுவது, இரண்டையும் உள்ளத்திலே சேர்ப்பது, மனப்பாடம் செய்வது, அதன்பிறகே வாசிப்பது. மற்றவன் ஏட்டைப் பார்த்துக்கொண்டே வாசிக்கிறான். இவன் ஏட்டையே உள்ளத்தில் ஏந்தி வருகிறான்.

இத்தகைய முறையை உலகம் உவந்து ஏற்றதா? இல்லை. 1840-இல் பள்ளிக்குப் புதிய தலைவர் வந்தார், துய்ஃபோ என்பவர். காண்பவர் அறியாத எழுத்து காணாதவரைப் பிரித்துவிடும் என்பது அவர் வாதம். புள்ளி எழுத்து விலக்கப்பட்டது. யாருடைய வசதிக்காக யாருடைய எழுத்தை விலக்குவது? மேற்பார்வை செய்வோர் படிக்க முடியாது என்பதற்காக, மாணவர் எழுதக் கூடாதாம்! மாணவர் பணியவில்லை, ஒளித்துப் பயன்படுத்தினர். கடைசியில் அதே பள்ளியின் துணைத் தலைவர் குவாதே, உண்மையை உணர்ந்து துணை நின்றார். 1844 பிப்ரவரி 22-இல் புதிய கட்டடத் திறப்பு விழாவிலே, புள்ளிகளால் எழுதுவதும் படிப்பதும் அவையோர் அறிய நடத்திக் காட்டப்பட்டன. துய்ஃபோவும் மனம் மாறினார். பிரெயில் 1852 சனவரி 6-இல் மறைந்தார். அரசு அவர் எழுத்தை முறையாக ஏற்றது 1854-இல்! நூறாண்டு கழித்து, 1952-இல், அவர் உடலின் எச்சம் பாரிசின் பாந்தியோன் மண்டபத்துக்கு மாற்றப்பட்டது. கைகள் மட்டும் பிறந்த ஊரிலே இருத்தப்பட்டன. வாழும்போது தடை, மறைந்தபின் மண்டபம். உலகின் வழக்கமே இதுதான்!

எழுத்து வந்தது, பிழைப்பு? அப்பள்ளியின் மாணவர் குளோத் மோந்தால் அதற்கும் வழி திறந்தார். பியானோவுக்குச் சுருதி சேர்ப்பது காண்பவர் தொழில் என்று கருதப்பட்ட காலம். மோந்தாலும் தோழர் ஒருவரும் பழைய பியானோவைப் பிரித்தெடுத்து, ஒவ்வோர் உறுப்பாகத் தடவி அறிந்து, மீண்டும் பூட்டினர். சுருதி சேர்ப்பதிலே மோந்தால் வல்லவரானார். 1836-இல் அக்கலை பற்றி நூலே எழுதினார். பியானோ செய்யும் தொழிலகமும் நடத்தினார். பார்வையற்றோர் பள்ளிகள் பலவற்றிலே அது பாடமாயிற்று. பலருக்குச் சோறு போட்டது.

இசைஞர்களும் எழுந்தனர். பிரெயிலே பாரிஸ் தேவாலயங்களில் ஆர்கன் வாசித்து ஊதியம் பெற்றவர். அப்பள்ளியிலே பயின்ற லூயி வியர்ன், கண்புரையோடு பிறந்து மிகச் சிறிதளவே பார்வை பெற்றவர். 1900-இல் நோத்ர் தாம் பேராலயத்தின் ஆர்கன் இசைஞரானார். 1937-இல் வாசித்துக்கொண்டிருக்கும்போதே அந்த இருக்கையிலேயே உயிர் நீத்தார். அவருக்குப் பின் மார்ஷல், லாங்லே, லிதேஸ் என்று அப்பள்ளியின் புகழ்ப் பட்டியல் நீள்கிறது. 1784-இல் தேவாலய வாயிற்படியிலே கையேந்தி நின்றான் லெசூயர். 1900-இல் பேராலயத்தின் உள்ளே இசைமேடையில் அமர்ந்தார் வியர்ன். வாசலுக்கும் மேடைக்கும் இடைவெளி சில அடிகள்தான். கடக்க ஆன காலம் 116 ஆண்டு! அற்புதம் எதுவும் அவர்களைத் தூக்கிச் செல்லவில்லை. எழுத்து தூக்கிச் சென்றது.

இலண்டனிலே 1872-இல் ஆர்மிடேஜ், கேம்பெல் இருவரும் பார்வையற்றோருக்கென ஓர் இசைக் கல்லூரி கண்டனர். கேம்பெல் அமெரிக்கர்; இளமையிலேயே பார்வை இழந்தவர். பிச்சைக்குப் பழக்காதீர், பயிற்சிக்குப் பழக்குங்கள் என்பதே அவர் கல்விமுறையின் சாரம். 1880-இல் மோன் பிளாங்க் மலை உச்சிக்கே ஏறியவர் அவர்!

நாடுதோறும் புள்ளிமுறை பரவியபோது பூசலும் பரவியது. அமெரிக்காவிலே ஒன்றுக்கொன்று மாறான புள்ளிமுறைகள். ஒரே நூலைப் படிக்க மாணவன் பல முறைகளைக் கற்கவேண்டிய அவலம். ஆங்கில உலகம் ஒருவாறு ஒன்றுபட்டது 1932-இல்தான். இசைக்குறியோ அதற்கு முன்பே, 1888-இல் கோலோன் நகரத்திலே, நாடுகளுக்குப் பொதுவான உடன்பாடு கண்டது. 1929-இலும் 1954-இலும் பாரிஸ் மாநாடுகள் அதைச் செப்பனிட்டன. 1996-இல் புதிய அனைத்துநாட்டுக் கையேடு வெளிவந்தது. இந்திய மொழிகளின் எழுத்துகளுக்குப் பொதுவான 'பாரதி பிரெயில்' முறை 1951-இல் அமைந்தது. தமிழ்ப் பிரெயிலும் அதைச் சார்ந்ததே. சொல்லுக்கு மொழிதோறும் வேலி உண்டு. இசைக்குறிக்கு அந்த வேலி குறைவு: பாரிசிலே குத்திய ஏட்டைப் பாளையங்கோட்டையிலும் படிக்கலாம்.

படிக்க ஏடு வேண்டுமே! இங்கேதான் இன்றைய வழக்கு தொடங்குகிறது. அமெரிக்க நாடாளுமன்றம் 1962-இல் சட்டமியற்றி, தன் நாட்டு நூலகத்தின்வழி பார்வையற்றோருக்கு இசை ஏடுகள் வழங்கும் பணியைத் தொடங்கியது. உலகின் பெரும் பிரெயில் இசைத் தொகுதிகளுள் ஒன்று அங்கே உருவாயிற்று. இன்று கணிப்பொறி உண்டு. கணிப்பொறியிலே அமைத்த இசைக்குறிப்பைப் பிரெயில் ஆக்கும் மென்பொருள்கள் உண்டு. தாளிலே புடைப்பாக அச்சிடும் பொறி உண்டு. விரலின்கீழ்ப் புள்ளிகள் எழுந்து அமரும் கருவியும் உண்டு. முன்னாளிலே ஒரு பாடலைப் பெயர்த்தெழுதக் கைவல்லார் ஒருவர் நாள் கணக்கில் உழைத்தார். இன்று முதற்படியைப் பொறி செய்யும். பிழை திருத்த அறிந்தவர் வேண்டும்.

சட்டமும் ஒரு வேலியாக நின்றது. உரிமையாளர் இசைவின்றிப் பிரெயிலில் பெயர்த்தால் குற்றம். ஒரு நாட்டிலே பெயர்த்ததை மறுநாட்டுக்கு அனுப்பத் தடை. 2013-இல் மராகேஷ் நகரத்திலே கண்ட உடன்படிக்கை அந்த வேலியைத் தளர்த்தியது. அது காக்கும் படைப்புகளின் வரையறையிலே எழுத்தோடு குறிப்புமுறையும் சேர்ந்துள்ளது. ஆகவே இசை ஏடும் அதன் குடையின்கீழ் வருகிறது. 2014-இல் அதை முதலாவதாக ஏற்றுறுதி செய்த நாடு இந்தியா. 2016 செப்டம்பர் 30 முதல் அது நடைமுறைக்கு வந்தது. கையெழுத்திலே முதலிடம் பெற்றோம், மகிழ்ச்சி. நூலக அலமாரியிலே எந்த இடம் என்பதல்லவா கேட்கவேண்டிய கேள்வி?

இன்னொரு தடை சட்டத்திலே இல்லை. நல்லவர் நாவிலே இருக்கிறது. "உனக்குத்தான் அருமையான செவி இருக்கிறதே, கேட்டே கற்றுக்கொள்ளலாமே!" என்கிறார்கள். பாராட்டுப்போல் ஒலிக்கும் இச்சொல்லிலே பூட்டு ஒன்று மறைந்திருக்கிறது. ஒலிப்பதிவைக் கேட்டுக் கற்பவன், பாடியவரின் மூச்சையும் இழுப்பையும் பிழையையும் சேர்த்தே கற்கிறான். ஏட்டைப் படிப்பவன் படைத்தவனிடமே நேராகப் பேசுகிறான். எப்படி வாசிப்பது என்பதைத் தானே தீர்மானிக்கிறான். இசைத் தேர்வு எழுத, பிறர்க்குக் கற்பிக்க, தான் புனைந்ததைத் தன் பெயராலே விட்டுச்செல்ல எழுத்து வேண்டும். காணும் பிள்ளையிடம், உனக்குச் செவி இருக்கிறது, புத்தகம் எதற்கு என்று எந்த ஆசிரியராவது கூறுவாரா? வள்ளுவர் கேள்விக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். கல்விக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். ஒன்று இருக்க மற்றொன்று எதற்கு என்று அவர் எண்ணவில்லை. நாம் மட்டும் ஒரு சாராருக்குக் கேள்வி போதும், கல்வி வேண்டாம் என்று வகுக்கலாமா?

தோழர்களே! பார்வையற்ற இசைஞர் பாடக் கேட்டு, பரிதாபப்பட்டு, காசு போட்டுவிட்டு நகர்வது எளிது. அது பழைய மன்னன் தந்த பாத்திரத்தையே நாமும் நீட்டுவதாகும். கணிப்பொறியிலே இசைக்குறிப்பு அமைக்கத் தெரிந்த இளைஞர் ஒரு பாடலை அமைத்துக் கொடுத்தால், அது புள்ளியாக மாறி ஒரு மாணவன் விரலைச் சேரும். இசை ஆசிரியர் ஆறு புள்ளிகளைச் சில திங்களிலே கற்றுக்கொள்ளலாம். உள்ளூர் நூலகத்திலே பிரெயில் இசை ஏடு எங்கே என்று கேட்டு, வரும்வரை கேட்கலாம். இவற்றைச் செய்யச் செல்வம் வேண்டாம். எதிரே நிற்பவன் நம்மை ஒத்த மனிதன் என்ற எண்ணம் வேண்டும்.

அந்தச் சந்தை மேடையை மீண்டும் நினைத்துப் பாருங்கள். எதிரே ஏடு, அருகே மெழுகுவத்தி. எள்ளி நகையாட வைத்த பொருள்கள் அவை. ஐம்பத்தெட்டு ஆண்டு கழித்து, அதே பாரிசிலே, பார்வையற்ற இளைஞர் ஒருவர் அந்த ஏட்டைத் தம் கையாலேயே எழுதிக் காட்டினார். மெழுகுவத்தியை அணைத்தாலும் அந்த ஏட்டைப் படிக்கலாம். சிரித்த கூட்டத்துக்கு அவர் அளித்த மறுமொழி அது. அந்த ஏடு எல்லாப் பிள்ளைகளின் கைக்கும் வந்து சேராதவரையில், மேடையிலே அமர்ந்திருந்த பத்துப் பேருக்கும் நாம் பட்ட கடன் தீரவில்லை.